தாம்பரத்தில் பார்க்க வேண்டியவை, பெண் உட்பட

எங்கள் பக்கத்தில் பெண் பார்க்க யாரும் வரமாட்டார்கள். ஊர் பார்க்கத்தான் வருவார்கள். எழுபதுகளின் தொடக்கத்தில் தாம்பரத்தில் குடியிருந்த வேதக்கார, அதாவது கிறிஸ்தவக் குடும்பங்கள் பாதிக்கு மேல் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவை. வாத்தியார், குமாஸ்தா, நர்ஸ், மறுபடியும் வாத்தியார். பெண்ணைக் கூடத்தில் நிறுத்தி, பஜ்ஜித் தட்டைக் கையில் கொடுத்து, மேலும் கீழும் பார்ப்பது படித்தவர்கள் செய்கிற காரியமில்லை என்று இவர்களில் யாரோ ஒருவர் எப்போதோ முடிவு செய்திருக்கிறார். அது நல்ல முடிவுதான். ஆனால் பார்க்காமலும் இருக்க முடியாதே. அதற்காகக் கண்டுபிடிக்கப்பட்டதுதான் ஊர் பார்க்கும் ஏற்பாடு.

மாப்பிள்ளை வீட்டார் சும்மா ஊர் சுற்றிப் பார்க்க வருவார்கள். பெண்ணின் அப்பா சும்மா சுற்றிக் காட்டுவார். பெண் சும்மா கூட வருவாள். நாள் முழுக்கக் கல்யாணம் என்ற பேச்சை ஒருவர்கூட எடுக்கக் கூடாது. பிடித்திருந்தால் ஒரு வாரத்தில் சேதி வரும். பிடிக்கவில்லையென்றால், ஊரைப் பார்த்தோம் போனோம் என்று துடைத்துக்கொண்டு போய்விடலாம். யாருக்கும் மனக்கஷ்டம் இல்லை என்பார்கள். பெண்ணுக்கு இருக்குமே என்று யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

பட்டணத்துக்குள் இருந்தவர்களுக்கு இதில் சிரமமே கிடையாது. கடற்கரை இருந்தது. செத்த காலேஜ் என்ற மியூசியமும் உயிர்க் காலேஜ் என்ற மிருகக்காட்சிசாலையும் இருந்தன. புலியைக் காட்டிக்கொண்டே பெண்ணையும் காட்டிவிடலாம். தாம்பரத்தில் எதைக் காட்டுவது? எனக்கு இருபத்துமூன்று வயதானபோது எங்கள் வீட்டில் ராத்திரிச் சாப்பாட்டின் ஒரே பேச்சு இதுதான்.

"குன்றத்தூர் மலைக்குக் கூட்டிட்டுப் போலாமே. மேலேர்ந்து பாத்தா சுத்துவட்டாரம் பூராத் தெரியும்" என்றார் அப்பா.

"வேதக்காரங்க முருகன் மலைக்கா?" என்றாள் அம்மா.

"சாமி கும்பிடவா போறோம்? காட்சி பாக்க."

"நம்ம பாஸ்டர் கிட்ட நீங்களே சொல்லுங்க, காட்சி பாக்கப் போனோம்னு."

குன்றத்தூர் அத்தோடு போயிற்று. பல்லாவரத்தில் இருந்த அத்தை, அப்பாவின் தங்கை, இந்த ஏற்பாடுகளுக்கெல்லாம் பொறுப்பு. அவள் முதலில் போட்ட சட்டம், சானடோரியம் என்ற பேச்சை யாரும் எடுக்கக் கூடாது என்பது. தெற்கே இருந்தவர்களுக்குத் தாம்பரம் என்றாலே காச ஆஸ்பத்திரிதான். பெண் தாம்பரம் என்று சொன்னால், இருமுவாளா என்று கேட்பார்கள். "அது அடுத்த ஸ்டேஷன்" என்று சொல்ல அம்மா பல நாள் பழகி வைத்திருந்தாள். யாரும் கேட்பதற்கு முன்னாலேயே சொல்லியும் விடுவாள்.

இங்கே அப்பாவைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். பாரிமுனைப் பக்கம் ஒரு ஆபீஸில் அவர் குமாஸ்தா. காலையில் மின்சார ரயிலில் ஏறினால் பொழுது சாய்ந்துதான் இறங்குவார். தாம்பரத்தில் அவருக்குத் தெரிந்தது ஒரே தெரு. வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்குப் போகும் தெரு. திரும்பி வருவதும் அதிலேதான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போவதும் அதே தெருவில்தான், பாதியில் வலது பக்கம் திரும்ப வேண்டும். ஆனால் ஊரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், தாம்பரத்தையே அவர்தான் மேஸ்திரி வைத்துக் கட்டினார் என்று நினைத்துக்கொள்வீர்கள்.

ஊர் தெரிந்தவள் நான். இதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை, தெரிந்துகொள்ளும்படி வைத்தார்கள். ரேஷனுக்கு நான். மண்ணெண்ணெய் க்யூவுக்கு நான். மாவு மில், கரண்ட் ஆபீஸ், அம்மாவின் முழங்கால் தைலம், கிழிந்த செருப்பு, அடைத்துக்கொண்ட ஸ்டவ், எல்லாவற்றுக்கும் நான். இதற்கு நடுவில் ரயில்வே மேம்பாலத்தைத் தாண்டி கிழக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பாடமும் நடத்திக்கொண்டிருந்தேன். இத்தனையையும் செய்கிறவள் அன்னநடை நடக்க முடியாது. நான் வேகமாக நடப்பேன்.

முதலில் வந்தவர்கள் பாளையங்கோட்டைக்காரர்கள். மாப்பிள்ளை பாங்கில் வேலை. கூட அவருடைய அப்பாவும் அம்மாவும். காலையில் தாம்பரத்தில் இறங்கி, எங்கள் வீட்டில் குளித்து, இட்லி சாப்பிட்டு, ஊர் பார்க்கக் கிளம்பினார்கள். அம்மா கறிக்குழம்பு வைக்க வீட்டில் தங்கிவிட்டாள். அத்தை குடையோடு வந்தாள்.

அப்பா அவர்களை முதலில் கூட்டிப்போன இடம், தாம்பரம் ஸ்டேஷன். இரண்டு மணி நேரத்துக்கு முன்னால் அவர்கள் இறங்கிய அதே ஸ்டேஷன். மேம்பாலத்தின் நடுவில் எல்லோரையும் வரிசையாக நிறுத்தி, "அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு எலெக்ட்ரிக் வண்டி, பாத்துக்கிட்டே இருங்க" என்றார். பார்த்துக்கொண்டே இருந்தோம். வெயில் ஏறியதுதான் மிச்சம். கடைசியில் ஒரு கூட்ஸ் வண்டி வந்தது. அப்பா அதற்கும் ஏதோ விளக்கம் சொன்னார். மாப்பிள்ளையின் அப்பா மரியாதையாகத் தலையாட்டினார்.

அடுத்தது விமானப்படைத் தளம். உள்ளே விடமாட்டார்கள். வெளியே மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்க்க வேண்டியதுதான். ஒரு சின்ன விமானம் உறுமிக்கொண்டு வட்டமடித்தது. "பைலட்டுக்குப் படிக்கிற பையன்" என்றார் அப்பா, பக்கத்து வீட்டுப் பையனைச் சொல்வதுபோல. எல்லோரும் வானத்தைப் பார்த்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா மட்டும் என் செருப்பைப் பார்த்தார். அது மூன்று தடவை தைத்த செருப்பு.

அங்கிருந்து கல்லூரிக் காடு. பழைய கிறிஸ்தவக் கல்லூரி அது, காட்டுக்குள்ளே கட்டியிருக்கிறார்களா கல்லூரிக்குள்ளே காடு இருக்கிறதா என்று வருகிறவர்களுக்குச் சந்தேகம் வரும். மான் உண்டு. வழியில் அப்பா என் பக்கம் குனிந்து, "எந்தப் பக்கம்மா?" என்று முணுமுணுத்தார். நான் சொன்னேன். இன்னொரு திருப்பத்திலும் கேட்டார். மூன்றாவது தடவை கேட்க வெட்கப்பட்டோ என்னவோ, "நீயே முன்னால போயேன், உனக்குத்தான் எல்லாம் தெரியுமே" என்று சத்தமாகவே சொல்லிவிட்டார். நானும் போனேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை அங்கே பலமுறை கூட்டிப்போயிருக்கிறேன். மான்கள் எந்த நேரத்தில் எந்தப் பக்கம் வந்து மேயும் என்று எனக்குத் தெரியும். அன்றைக்கும் நான் காட்டிய இடத்தில் வந்து நின்றன. மாப்பிள்ளை என் பக்கத்தில் வந்து, இது என்ன மரம், அது என்ன பறவை என்று கேட்டுக்கொண்டே நடந்தார். நானும் சொல்லிக்கொண்டே நடந்தேன். எனக்கு அன்று சந்தோஷமாக இருந்தது. அந்த மனிதரைப் பிடித்தும் இருந்தது. இதில் மறைக்க என்ன இருக்கிறது?

மார்க்கெட்டில்தான் வினை. தாம்பரம் மார்க்கெட்டைப் பார்க்காமல் ஊர் பார்த்ததாக ஆகாது என்று நானே உற்சாகமாகக் கூட்டிப்போனேன். நுழைந்ததும் மண்ணெண்ணெய்க் கடைக்காரர், "இன்னா டீச்சரம்மா, டின்னு இல்லாம வந்துகீற? சரக்கு வந்து கீது, சீக்கிரம் வந்து நின்னுக்க" என்றார். பூக்காரி, எங்கள் வீட்டில் பூ வைக்கும் வழக்கம் இல்லை என்று தெரிந்தும் என்னைத் தினம் கேட்கிறவள், அன்றும் கேட்டாள். ரிக்‌ஷாக்காரர் ஒருவர் வண்டியை ஓரம் கட்டி, "இன்னாக்கா, ஊர்லேந்து ஒறம்பரையா? வூட்ல வுட்ரட்டா?" என்றார். செருப்புத் தைக்கிறவர் என் காலைப் பார்த்து, "அந்த வாரு இன்னும் தாங்குதா?" என்று விசாரித்தார்.

மாப்பிள்ளையின் அம்மா சிரித்த முகத்தோடு என்னைப் பார்த்து, "உன்னத் தெரியாத ஆளு இந்த ஊருல உண்டாம்மா?" என்றார்.

நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். பல்லெல்லாம் தெரியச் சிரித்தேன். அத்தை குடைக்காம்பால் என் முதுகில் இடித்தபோதும் எனக்கு உறைக்கவில்லை.

ஒரு வாரம் கழித்து அத்தை வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே முகம் சரியில்லை.

"ஊரு அவங்களுக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சாம் அண்ணே. மனை ஏதாவது விலைக்கு வந்தாச் சொல்லுங்கன்னு கேட்டிருக்காங்க."

"பொண்ணு?" என்றாள் அம்மா.

"நல்ல பொண்ணுதானாம். ஆனா இவ்வளவு தெரு தெரிஞ்ச பொண்ணு வீட்டுல தங்காதுன்னு அந்தம்மா சொல்லிட்டாங்க மதினி. எல்லாருக்கும் முன்னால விறுவிறுன்னு போறாளாம். மார்க்கெட்டுல ஆம்பிளைங்க எல்லாம் பேர் சொல்லாத குறையாக் கூப்பிடறாங்களாம்."

அடுப்படியில் நின்றுகொண்டிருந்த எனக்குக் காதெல்லாம் எரிந்தது. என் கையில் அப்போதுதான் நிரப்பிக் கொண்டுவந்த மண்ணெண்ணெய் டின் இருந்தது. அதை அப்படியே கூடத்தின் நடுவில் கொண்டுபோய் வைத்து, நாளை முதல் இதற்கு யார் போகிறீர்கள் என்று கேட்க வேண்டும்போல இருந்தது. கேட்கவில்லை. "நான் அப்பவே தலையால அடிச்சுக்கிட்டேன், மெதுவா நட, மெதுவா நடன்னு" என்றாள் அம்மா. அப்பா பேப்பரைப் பிரித்து முகத்தை மூடிக்கொண்டார். மறுநாள் மாவு மில்லுக்கு நான்தான் போனேன். வேகமாகவே போனேன்.

இரண்டாவது சம்பந்தம் வந்தபோது ஒத்திகையே நடந்தது. நான் எல்லோருக்கும் கடைசியில் வரவேண்டும். வழி கேட்டால் தெரியாது என்று சொல்ல வேண்டும். மார்க்கெட் பக்கமே போகக் கூடாது. யாராவது தெரிந்தவர் எதிரில் வந்தால் கைக்குட்டையால் முகம் துடைத்துக்கொள்ள வேண்டும். "இதுவும் தட்டிப்போச்சுன்னா அப்புறம் நம்மைத் தேடி ஒருத்தரும் வரமாட்டாங்க" என்று அத்தை சொன்னதில் மட்டும் பொய் இல்லை. ஒரே ஊர்க்காரர்கள், சேதி பரவியிருக்கும். அம்மா அழுதாள். நான் சரி என்றேன். கல்யாணம் வேண்டாம் என்று சொல்லும் துணிச்சல் எனக்கு இல்லை, வேண்டும் என்ற ஆசையும் இருந்தது.

இந்தத் தடவை வந்தவர்கள் இரண்டே பேர். மாப்பிள்ளை மின்வாரியத்தில் வேலை பார்த்தார், கூட அவருடைய விதவைத் தாயார். மாப்பிள்ளை அதிகம் பேசவில்லை. அந்த அம்மாள் கனத்த சரீரம், மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிற ரகம். சாயங்காலம் தெற்கே போகும் எக்ஸ்பிரஸ் தாம்பரத்தில் நிற்கும், அதைப் பிடித்தாக வேண்டும். இவர்களும் ஸ்டேஷனைப் பார்த்தார்கள். விமானத்தைப் பார்த்தார்கள். கல்லூரிக் காட்டில் அப்பா காட்டிய இடத்தில் மானே இல்லை. நான் பார்த்துக்கொண்டிருந்த திசையில் நாலு நின்றன. வாயைத் திறக்கவில்லை.

வீட்டுக்கு வந்து சாப்பிட்டு, பலகாரம் கட்டிக்கொண்டு, வண்டிக்கு நேரம் இருக்கிறது என்று அப்பா அவர்களை மேற்குப் பக்கத்தில் இன்னொரு சுற்று கூட்டிக்கொண்டு கிளம்பினார். மார்க்கெட் வழியாகப் போகக் கூடாது என்பது அம்மாவின் கண்டிப்பான உத்தரவு. அதனால் அவர் தன் வாழ்க்கையில் முதல் தடவையாகத் தனக்குத் தெரிந்த தெருவை விட்டு இடது பக்கம் திரும்பினார்.

திரும்பியவர் திரும்பிக்கொண்டே இருந்தார். தெரு சந்தாயிற்று. சந்து, பனைமரம் நின்ற பொட்டலாயிற்று. அப்பா நிற்கவில்லை. நின்றால் வழி தெரியாதது தெரிந்துவிடும். தூரத்தில் மதில்சுவரும் உள்ளே நல்ல நிழல்மரங்களும் தெரிந்தன. "வாங்க, இங்க ஒரு பார்க் இருக்கு. கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போலாம்" என்று உடைந்த கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

அது எங்கள் கல்லறைத் தோட்டம். அப்பா அங்கே அதற்கு முன் வந்ததெல்லாம் முன்வாசல் வழியாக, பெட்டிக்குப் பின்னால், தலையைக் குனிந்துகொண்டு. இது பின்வாசல். நாலடி போவதற்குள் அந்த அம்மாள் ஒரு கல்லின்மேல் கையை ஊன்றி, அதில் வெட்டியிருந்ததைப் படித்து, "கர்த்தருக்குள் நித்திரையடைந்த..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். மாப்பிள்ளை கையில் பலகாரக் கூடையோடு நின்றார். அத்தை குடையை விரித்து அதற்குள் ஒளிந்துகொண்டாள்.

அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். வேர்த்துக் கொட்டியது. அவர் என்னைப் பார்க்கவில்லை. எந்தப் பக்கம்மா என்று கேட்க அவருக்கு அன்று அனுமதி இல்லை, பாவம். சொல்ல எனக்கும் இல்லை. ரயில்வே லைன் பக்கமிருந்து ஊதல் கேட்டது. "அண்ணாச்சி, வண்டியப் பிடிச்சிருவமா?" என்றார் அந்த அம்மாள். அப்பா மறுபடியும் தப்பான பக்கம்தான் கையைக் காட்டினார். அந்தப் பக்கம் போனால் ஏரி.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இரண்டு பெரிய மனுஷிகளையும் ஒரு நல்ல மனிதரையும் ஏரியில் கொண்டுபோய் இறக்கினாலும் பரவாயில்லை, பெண் அடக்கமாக இருக்க வேண்டும். எந்த மடையன் எழுதிய சட்டம் இது?

"அப்பா, இந்தப் பக்கம்" என்றேன். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, மாப்பிள்ளை கையிலிருந்த கூடையை வாங்கிக்கொண்டு, முன்னால் நடந்தேன். ரேஷன் கடைப் பின்புறம், மரவாடி, மாவு மில் சந்து, பால் டிப்போ, பஸ் நிற்கும் ரோடு. மார்க்கெட் வாசலையும் ஒரு ஓட்டமாகத் தாண்டினேன். மண்ணெண்ணெய்க் கடைக்காரர், "இன்னாம்மா, இன்னா அவ்சரம்?" என்று கத்தினார். "வண்டிக்கு!" என்று நானும் கத்தினேன். திரும்பிப் பார்த்தபோது மாப்பிள்ளை ஒரு கையில் தாயாரைப் பிடித்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்துகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் அப்பா. எல்லோருக்கும் கடைசியில் அத்தை, குடையை மடக்கக்கூட நேரமில்லாமல்.

பிளாட்பாரத்தில் நாங்கள் இறங்கவும் வண்டி வரவும் சரியாக இருந்தது. அந்த அம்மாளை ஏற்றி உட்கார வைத்து, ஜன்னல் வழியாகக் கூடையைக் கொடுத்தேன். மூச்சு வாங்கியபடியே கேட்டார்: "ஏட்டி, உனக்கு இம்புட்டு வழி தெரியும்லா. மொதல்லயே சொன்னா என்ன?"

"வழி தெரிஞ்ச பொண்ணுக்குக் கல்யாணம் ஆகாதுன்னு சொன்னாங்க" என்றேன்.

அத்தை கண்ணை மூடிக்கொண்டாள். அந்த அம்மாள் என்னையே பார்த்தார். மாப்பிள்ளைக்குச் சிரிப்பு வந்து, அதை அடக்கப் பார்த்து, இருமலாகப் போயிற்று. வண்டி நகர்ந்துவிட்டது.

வீட்டு வாசலில் அம்மா நின்றிருந்தாள். அவள் கேட்டது ஒரே கேள்வி. "முன்னால நடந்தாளா?"

அப்பா சட்டையைக் கழற்றிக்கொண்டே, "சேச்சே. நான்தான் வழி காட்டினேன். இவ எங்க பின்னாலதான் வந்தா" என்றார். அத்தையும் ஆமாம் என்றாள். அம்மா அப்படியே உட்கார்ந்து கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொன்னாள். அப்பா என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னார். எனக்குத் தெரியும். தெரிந்துமே, அன்று எனக்கு அவர்மேல் வந்த ஆத்திரம் பாளையங்கோட்டைக்காரர்கள்மேல்கூட வரவில்லை.

வாரக் கடைசியில் சம்மதம் என்று சேதி வந்தது. அப்பாவுக்கும் அத்தைக்கும் ஆச்சரியம், எனக்கு இல்லை. என் பேச்சைக் கேட்டு ஒருவர் சிரித்திருந்தாரே. கல்யாணமும் நன்றாகவே நடந்தது. மாமியார் என்னைத் தங்கமாகத்தான் வைத்துக்கொண்டார், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஊரில் சொந்தக்காரர்கள் வந்து உட்காரும்போதெல்லாம் பெண் பார்த்த கதையை அவர் சொல்வார். "சம்பந்தி ஊரு பூராவும் சுத்திக் காட்டுனாவ. இவ ஒரு வார்த்த பேசணுமே! தலையக் குனிஞ்சுக்கிட்டே கடைசில வந்தா. அதப் பாத்துத்தான் எனக்குப் பிடிச்சுது." முதல் தடவை கேட்டபோது கேலி செய்கிறார் என்று நினைத்தேன். இல்லை. பத்துத் தடவை சொன்னதில் அவரே நம்பிவிட்டார். அப்பா விருந்துக்கு வந்திருக்கும்போது சொன்னால், அப்பாவும் அடக்கமாகச் சிரித்துக்கொண்டு, அந்த வழியையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்வார். மரவாடி, மாவு மில் சந்து, பால் டிப்போ. ஒன்றையும் தவறவிடவில்லை. நல்ல ஞாபகசக்தி.

ஒருநாள் பொறுக்க முடியாமல் என் கணவரைத் தனியாகக் கேட்டேன். "நீங்களும்தானே என் பின்னால ஓடி வந்தீங்க? ஒரு தடவையாவது வாயைத் திறந்து சொல்லக் கூடாதா?"

"சொன்னா உனக்குத்தானே கெட்ட பேரு" என்றார், மெய்யான அக்கறையோடு.

நல்ல பேர் எனக்கு நிறைய வந்திருக்கிறது. சமையலுக்கு வந்தது, பொறுமைக்கு வந்தது, பிள்ளை வளர்த்ததற்கு வந்தது. அவையெல்லாம் எங்கள் தெருவில் எல்லாப் பெண்களுக்கும் வந்தவைதான். எனக்கென்றே வரவேண்டியிருந்தது அந்தக் கெட்ட பேர் ஒன்றுதான். அதைத்தான் எல்லோருமாகச் சேர்ந்து அப்பாவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.